நாள்பட்ட வலியுள்ளவர்களின் மனநிலையைப் பெருந்தொற்று என்ன செய்தது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பல ஆண்டுகளாக முடக்கு வாதம், அதாவது மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய். மருந்தில் ஓரளவு கட்டுப்பட்டிருந்தது. 2020 ஊரடங்கின்போது வலி கூடியது, தூக்கம் போயிற்று, எதற்கெடுத்தாலும் அழுகையும் எரிச்சலுமாக ஆகிவிட்டார். இப்போது இரத்தப் பரிசோதனையில் அழற்சி குறைந்துவிட்டதாக வருகிறது. வலி மட்டும் குறையவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பது" என்று சொல்லிவிட, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டு அதைத் தொடவே மறுக்கிறார். பெருந்தொற்று போன பிறகும் அக்கா ஏன் இப்படி இருக்கிறார், இந்த வலி உண்மையா மனப்பிரமையா, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய தம்பி கேட்டிருக்கிறார். வலி சிகிச்சைப் பிரிவில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள்.

வலி உண்மையானது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், பெருந்தொற்றின் நடுவே 2020 ஜூலையில், வலிக்கான தன் வரையறையைத் திருத்தி வெளியிட்டது. திசுச் சேதம் இருக்கும்போதோ, சேதம் இருப்பதைப் போலவோ ஏற்படும் விரும்பத்தகாத புலனுணர்வும் மனவுணர்வும் கலந்த அனுபவம் என்பது அதன் சாரம். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் விளக்கக் குறிப்புகளில் சேர்த்தார்கள். ஆகவே உடல்வலியா மனவலியா என்று பிரித்துக் கேட்கும்போதே நாம் தவறான இடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

அழற்சி அடங்கிய பிறகும் வலி நீடிப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அவ்வளவு காலம் வலிச் செய்திகளைக் கடத்திய முதுகுத்தண்டு நரம்புகளும் மூளையும் சில நோயாளிகளிடம் தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. திருடன் வந்துபோன வீட்டு நாய் மறுநாள் முதல் இலை அசைந்தாலும் குரைப்பதைப் போல, சாதாரண அழுத்தமும் அசைவும்கூட வலியாக உணரப்படுகின்றன. மூளையிலிருந்து இறங்கி வந்து வலியைத் தணிக்கும் நரம்பு வழிகளும் உண்டு. தூக்கமின்மை, அச்சம், தனிமை, மனச்சோர்வு ஆகியவை அவற்றைப் பலவீனப்படுத்துகின்றன. வலி தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுகிறது. இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால், அதைத் தொடங்கி வைத்த காரணம் விலகிய பிறகும் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஊரடங்கு முடிந்தும் உங்கள் அக்கா மீளாததற்கான விடையில் பெரும்பகுதி இதில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இனி பெருந்தொற்று இவர்களை எப்படிப் பாதித்தது என்பதைப் பார்ப்போம். பொதுவாக "எல்லோரும் பயந்தார்கள், இவர்கள் சற்றுக் கூடுதலாகப் பயந்தார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. நாள்பட்ட வலியுள்ள ஒருவர் பல ஆண்டுகளில் தமக்கென்று சிறுசிறு ஊன்றுகோல்களைத் தேடி வைத்திருப்பார்: காலை நடை, வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி, கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசும் ஒரு தோழி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத் தனிமை, கைராசிக்காரர் என்று நம்பும் ஒரு மருத்துவர். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு இவை அனைத்தையும் ஒரே இரவில் பறித்தது. நோய் அதேதான், அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு இல்லாமல் போயிற்று.

முடக்கு வாதக்காரர்களுக்கு இதோடு மருந்துப் பிரச்சினையும் சேர்ந்தது. அவர்களிலும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், அந்த மார்ச் மாதத்தில் திடீரென்று கொரோனா மருந்து என்று உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொற்றுக்கு ஆளாகும் அபாயமுள்ள சுகாதாரப் பணியாளர்களுக்கு அதை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது. நோயே இல்லாதவர்கள் அட்டை அட்டையாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள, மாதாமாதம் வாங்கியவர்களுக்கு "ஸ்டாக் இல்லை" என்ற பதில் கிடைத்தது. மார்ச் 26 அன்று மத்திய அரசு அதன் விற்பனையை, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பதுக்கலைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, போலீஸ் தடுப்புகளைக் கடந்து கடை கடையாக ஏறி இறங்கியவருக்கு அது இன்னொரு கதவு சாத்தப்பட்டதாகவே தெரிந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பயனில்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் அறிவித்தது. அதற்குள் இவர்கள் கவலையில் கழித்த வாரங்களை யார் திருப்பித் தருவது?

அந்த வாரங்களில் தொலைபேசியில் அழைத்தவர்களிடம் நான் அதிகம் சொன்ன செய்தி, இந்த மருந்து உடலிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும், ஆகவே சில நாள் தவறினால் உடனே மூட்டுகள் வீங்கிவிடாது என்பதுதான். மருந்து கிடைக்கச் செய்ய என்னால் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு தகவலைக் கேட்டதும் மறுமுனையில் பேச்சின் வேகம் தணிவதை உணர முடிந்தது. மன ஆறுதல் என்றாலே தோளைத் தட்டிக் கொடுப்பதாக நினைக்கிறோம். சரியான நேரத்தில் சொல்லப்படும் சரியான மருத்துவத் தகவலும் மன ஆறுதல்தான்.

தவறான தகவல் இதற்கு எதிராக வேலை செய்தது. 2020 மார்ச் நடுவில் பிரான்சின் சுகாதார அமைச்சர், இபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் கொரோனாவை மோசமாக்கக்கூடும் என்று எச்சரித்தார். உலகச் சுகாதார நிறுவனம் முதலில் தவிர்க்கச் சொல்லி, ஓரிரு நாளிலேயே அப்படித் தவிர்க்கத் தேவையில்லை என்று மாற்றிச் சொன்னது. முதல் செய்தி வாட்ஸ்அப்பில் தெருத் தெருவாகப் போனது. இரண்டாவது செய்தி போகவில்லை. முடக்கு வாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் மீத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே அதை நிறுத்தியவர்கள் உண்டு. தொற்றோ தொற்றியவரோடு தொடர்போ இல்லாத நிலையில் இத்தகைய மருந்துகளைத் தொடர வேண்டும் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கம் அந்த ஏப்ரலிலேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் நோயாளியின் முன்னால் இருந்தவை இரண்டு அச்சங்கள்: சாப்பிட்டால் கொரோனா வரும், சாப்பிடாவிட்டால் மூட்டு போகும். ஒவ்வொரு வாரமும் அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய வேண்டியிருந்த மனநிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தொலைமருத்துவத்துக்கான இந்திய வழிகாட்டி நெறிகள் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று வந்தன. அவை பெரிய உதவி என்பதில் மறுப்பில்லை. ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைபேசி ஆலோசனையில் எழுதித்தரக் கூடாது என்று அவை விதித்தன. 2018இல் டிராமடால் என்னும் வலுவான வலி மருந்தும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. கடும் முதுகுவலிக்கு அதை நம்பியிருந்தவர், வெளியே போக முடியாத அந்த நாட்களில், தொலைபேசியில் மருத்துவரைப் பிடித்த பின்னும் வெறுங்கையோடு இருந்தார். சட்டத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அதை எழுதியவர்களின் கண்ணில் வலி நோயாளி பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நடந்ததைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் சரியாக வருவதில்லை. முடக்கு வாதத்தில் காலை நேரமே கொடுமையானது. விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். ஊரடங்குக்கு முன் ஒரு நோயாளி, கணவரையும் பிள்ளைகளையும் இட்லியும் பொடியும் கொடுத்து அனுப்பிவிட்டு, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாத்திரத்துக்கு ஓர் அம்மா வருவார். ஊரடங்கில் அந்த அம்மா வரவில்லை. ஐந்து பேரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தார்கள். மூன்று வேளைச் சமையல், இடையில் இரண்டு முறை காப்பி. தண்ணீர்க் குழாயை விரலால் திருக முடியாமல் முன்கையால் தள்ளித் திறந்ததாகவும், தேங்காய் துருவ முடியாமல் பத்தை போட்டு மிக்ஸியில் அடித்ததாகவும், ஈரத் துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டதற்கு மாமியார் முகம் சுளித்ததாகவும் அவர் தொலைபேசியில் சொன்னார். அதையும் மாடிப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அழுவதற்குத் தனியாக ஓர் அறை இல்லை. "எல்லாருக்கும்தானே கஷ்டம், உனக்கு மட்டுமா" என்று கேட்கிறார்கள் என்றார். உலகமே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது தன் விரல் வலிக்கிறது என்று சொல்வதற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வலியைவிட ஆழமாகப் பாய்ந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. உடல் முழுக்க வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள ஓர் அலுவலகப் பணியாளர், வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் முன்பைவிட நலமாக இருந்தார். பேருந்தில் நின்றுகொண்டே போகும் பயணம் இல்லை. வலி கூடினால் கேமராவை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டே கூட்டத்தில் பேசலாம். "பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க" என்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அஞ்சியது அலுவலகம் மீண்டும் திறப்பதைத்தான். ஒரே ஊரடங்கு ஒருவரை ஒடுக்கியது, மற்றவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எப்போது வேலை செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்பதை நோயாளியே முடிவு செய்ய முடிந்ததா என்பதுதான் வேறுபாடு. நாள்பட்ட வலியுள்ளவரின் மனநலம் பெரும்பாலும் இந்த அதிகாரத்தைப் பொறுத்தது. ஆகவே உங்கள் அக்காவிடம் "தைரியமாக இருங்கள்" என்று சொல்வதைவிட, அவருடைய நாளில் எந்தெந்த நேரம் அவர் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

2021 மே மாதத்தின் இரண்டாம் அலை வேறு வகையான சுமை. உறவில் இறந்தவர்களின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. துக்க வீட்டில் நாலு பேர் கூடி அழும் வழக்கமும் அறுந்துபோனது. துக்கம் வெளியே போக வழியில்லாதபோது அது ஏற்கெனவே வலிக்கும் உடலில் தங்கிவிடுகிறது என்று நோயாளிகள் சொல்வதை நான் மறுப்பதில்லை. உங்கள் அக்கா அந்த ஆண்டுகளில் யாரையாவது இழந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இழந்திருந்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னனுபவம் உண்டு என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 2006இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் சில நாளில் இறங்கியது, ஆனால் பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நின்றது. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்ற அலட்சியத்தை அவர்கள் அன்றே கேட்டார்கள். கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை கொடுத்தது. அவற்றிலும் களைப்பும் உடல்வலியும் உண்டு. தொற்று ஓய்ந்தாலும் அது விட்டுச்செல்லும் வலி ஓய்வதில்லை என்பதை நம் வீடுகள் பலமுறை பார்த்திருக்கின்றன.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். முதலில் அந்த மாத்திரை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்தாகவே வந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் மனச்சோர்வுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். வலிக்கும் தூக்கத்துக்கும் 10 மில்லிகிராமில் தொடங்குவதே வழக்கம். நான் மேலே சொன்ன, மூளையிலிருந்து இறங்கி வலியைத் தணிக்கும் வழிகளுக்கு அது வலுவூட்டுகிறது. அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதை அக்காவிடமே காட்டி இதைச் சொல்லுங்கள். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். படுக்கைக்குச் சற்று முன்னதாகவே சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டால் அந்த மந்தம் குறைய வழி கிடைக்கும். கண்நீர் அழுத்த நோயோ (குளுக்கோமா) இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தாலும், டிராமடால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், தொடங்குவதற்கு முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும். ஒருவேளை அவருக்கு மனச்சோர்வும் இருந்தால், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்பவருக்கு அது வருவது வியப்பே அல்ல, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

அடுத்து அளவோடு இயங்குதல். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்வதும், அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதும்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு அசைவு இருக்க வேண்டும். வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட, வலி வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது நல்லது. இதற்கு வீட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது. காலை எழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவரிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். துணி பிழிவது, குக்கர் மூடியைத் திறப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது ஆகியவற்றை வேறொருவர் பெயரில் நிரந்தரமாக எழுதிவிடுங்கள். "உதவி வேண்டுமா" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் ஒவ்வொரு முறையும் அவர் கெஞ்ச வேண்டியதாகிறது. ஒரு மணிக்கொரு தரம் "இப்ப வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பதையும் விட்டுவிடலாம், கவனம் வலிமேல் குவியக் குவிய வலி கூடும். அதே நேரம் அவராகச் சொல்ல வரும்போது இடையில் தைலம், கஷாயம், யோகா என்று யோசனை சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள்.

உளவியல் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் தேசிய மருத்துவத் தர நிறுவனம் 2021 ஏப்ரலில், தெளிவான உடற்காரணம் இல்லாத முதன்மை நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றையும் பரிந்துரைத்து, பாராசிட்டமாலையும் டிராமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளையும் தொடங்க வேண்டாம் என்றது. நோயாளிகள் பலர் அதை எதிர்த்தார்கள். மருந்தைப் பிடுங்கிவிட்டு மனதைப் பார்த்துக்கொள் என்கிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. உங்கள் அக்காவுக்கு இருப்பது அழற்சி நோய். அவருக்கு வாதநோய் மருந்தை விலக்கிவிட்டு மனப்பயிற்சி கொடுப்பது தவறு, இரண்டும் சேர்ந்துதான் பயன் தரும். அருகில் வலி சார்ந்த உளவியலாளர் கிடைப்பது நம் ஊர்களில் அரிது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இருப்பதே பாரம் என்றோ, எல்லோருக்கும் தொல்லையாக இருக்கிறேன் என்றோ அவர் பேசத் தொடங்கினால் அதை வலியின் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள்; அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

இன்னொரு பெருந்தொற்றோ பெருவெள்ளமோ வந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்குள் இருக்கக்கூடும். அதற்கு மறுமொழி ஏற்பாடுதான். ஒரு மாத மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வலி திடீரென்று கூடினால் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டலாம், எத்தனை நாள் வரை, எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும், தொற்று வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரின் கையெழுத்தில் ஒரு தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள். ஊரடங்கில் மருத்துவரைப் பார்க்க முடியாமல், வலி தாங்காமல், பலர் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனைத் தாமாகவே கூட்டிக்கொண்டார்கள். சிலர் அந்த அளவிலேயே நின்றுவிட்டார்கள். தூக்கத்தைக் கெடுப்பதும், எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவருவதும் அந்த மருந்தின் பக்கவிளைவுகளே. அக்கா இப்போது எத்தனை மில்லிகிராம், எந்த வேளையில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இரவில் சாப்பிட்டால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர் அதை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவருடைய மனநிலையில் எவ்வளவு வலியால் வந்தது, எவ்வளவு இந்த மாத்திரையால் வந்தது என்பது அப்படிக் குறைக்கும்போது தெரியவரும்.